நடுவில் கறை பட்டால் என்ன அர்த்தம்? கருத்தடை மாத்திரை அட்டைகள் பற்றி ஒரு மதிப்பீடு

அட்டையில் பாதி மாத்திரை தீர்ந்திருக்கும். ரத்தப்போக்கு வர இன்னும் பத்து நாள் இருக்கும். அப்போது உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை தெரியும். மாத்திரை வேலை செய்யவில்லையோ, கரு தங்கிவிட்டதோ என்று இரண்டு பயமும் சேர்ந்தே வரும். அந்தப் பயத்தில் மாத்திரையை அன்றோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதுவரை கரு தங்க வழி இருந்திருக்காது. நிறுத்திய பிறகுதான் அந்த வழி திறக்கிறது.

கருத்தடை மாத்திரையின் நல்லது கெட்டதைப் பேச எத்தனையோ கோணங்கள் உண்டு. இங்கே எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: எந்த வகை அட்டையில் எதிர்பாராத கசிவு எவ்வளவு, ஒரு நாள் மறந்தால் எந்த அட்டை எவ்வளவு பொறுத்துக்கொள்ளும், கர்ப்பமோ என்ற சந்தேகம் வந்தால் எதை வைத்து முடிவு செய்வது. வாரம் ஒருமுறை போடும், ஹார்மோன் இல்லாத சென்ட்குரோமன் மாத்திரையின் கணக்கு முற்றிலும் வேறு. அது இந்த மதிப்பீட்டில் இல்லை.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. மாத்திரை போடும் காலத்தில் ரத்தம் வருவதும் வராததும் கர்ப்பத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லாது. கறை பட்டதால் மாத்திரை தோற்றுவிட்டது என்று ஆகாது. மாதக் கடைசியில் ஒழுங்காக ரத்தம் வந்ததால் கர்ப்பம் இல்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது. நம்பத்தக்க சாட்சி அட்டைதான்: எத்தனை மாத்திரை, எந்த நேரத்தில், எந்த இடைவெளியில் உள்ளே போனது என்பது.

கறை எங்கிருந்து வருகிறது

கூட்டு மாத்திரையில் இரண்டு ஹார்மோன்கள் இருக்கும். ஒன்று ஈஸ்ட்ரோஜன், பெரும்பாலான அட்டைகளில் எத்தினைல் ஈஸ்ட்ரடையால். மற்றது புரோஜெஸ்டின் வகை: லெவோநார்ஜெஸ்ட்ரெல், டெசோஜெஸ்ட்ரெல், ட்ரோஸ்பிரினோன் போன்றவற்றில் ஒன்று. கருமுட்டை வெளிவராமல் தடுக்கும் பெரிய வேலை புரோஜெஸ்டினுடையது. கர்ப்பப்பை வாயின் சளியைக் கெட்டியாக்கி விந்தணுவை மறிப்பதும் அதுதான். ஈஸ்ட்ரோஜன் இதற்குத் துணை நிற்பதோடு, கர்ப்பப்பையின் உள்சுவரை நிலையாகப் பிடித்து வைக்கிறது.

மாத்திரை தொடங்கியதும் அந்த உள்சுவர் மாதாமாதம் தடித்து வளர்வதை விட்டுவிட்டு மெலிகிறது. மெலிந்த சுவரில் ரத்தக் குழாய்கள் மேலாகவும் பலவீனமாகவும் இருக்கும். ஆங்காங்கே ஒன்று உடைந்தால் சிறிது ரத்தம் கசியும். மெதுவாக இறங்கி வருவதால் பழுப்பு நிறத்தில் தெரியும். இரண்டு மூன்று மாதத்தில் சுவர் புதிய நிலைக்குப் பழகிவிடும், கசிவும் அடங்கிவிடும். முட்டை வெளிவருவதைத் தடுக்கும் வேலை இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. அது தன் பாட்டுக்கு நடக்கிறது.

இந்தக் கசிவுக்கும் ஈஸ்ட்ரோஜனுக்கும் உள்ள உறவு மாத்திரை பிறந்த காலத்திலேயே தெரியவந்தது. 1950-களின் ஆய்வுகளில் பயன்படுத்திய நோரெத்தினோட்ரெல் என்ற புரோஜெஸ்டினில், தயாரிப்பின்போது மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜன் சிறிதளவு கலந்திருந்தது. அதை மாசு என்று நீக்கிச் சுத்தமான மருந்தைக் கொடுத்தபோது பெண்களுக்கு நடுவில் ரத்தக் கசிவு அதிகமானது. அதனால் ஈஸ்ட்ரோஜனை வேண்டுமென்றே திரும்பச் சேர்த்தார்கள். 1960-இல் அமெரிக்காவில் கருத்தடைக்காக அனுமதி பெற்ற எனோவிட் மாத்திரையில் 150 மைக்ரோகிராம் மெஸ்ட்ரனால் இருந்தது. இன்றைய அட்டைகளில் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 20 முதல் 35 மைக்ரோகிராம்தான். ரத்தம் உறைதல் போன்ற ஆபத்துகளைக் குறைக்கவே அளவை இப்படி இறக்கினார்கள். அதற்குக் கொடுத்த விலைதான் கொஞ்சம் கூடுதலான கறை. நல்ல பேரம் என்பதே என் கருத்து. ஆனால் வாங்குகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அட்டையோடு வரும் தாளில் ‘ஒழுங்கற்ற ரத்தப்போக்கு’ என்ற இரண்டு சொல், முப்பது பக்கவிளைவுகளுக்கு நடுவே கிடக்கும். அது எத்தனை மாதம் இருக்கும், மாத்திரையைத் தொடரலாமா என்ற விவரம் பல தாள்களில் தேடினால்தான் கிடைக்கும். இந்தப் பொருளின் பெரிய குறை என்று நான் சொல்வது இதைத்தான்.

30 மைக்ரோகிராம் அட்டை: புதிதாகத் தொடங்குகிறவருக்கு

எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 30 மைக்ரோகிராம், லெவோநார்ஜெஸ்ட்ரெல் 150 மைக்ரோகிராம். பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் சேர்மானம் இது. கூட்டு மாத்திரை போட உடல் தகுதி உள்ள, முதன்முதலாகத் தொடங்குகிற ஒருவருக்கு மருத்துவர் இதை எழுதிக்கொடுத்தால் தயங்காமல் வாங்கலாம். கசிவைப் பொறுத்தவரை நடுத்தரமான, நம்பகமான நடத்தை. முதல் அட்டையில் கறை படுவது சகஜம், மூன்றாவது அட்டைக்குள் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும்.

இதே சேர்மானம் 21 மாத்திரை அட்டையாகவும் 28 மாத்திரை அட்டையாகவும் வருகிறது. மருந்து ஒன்றுதான், பயன்பாட்டில் வித்தியாசம் பெரிது. 21 அட்டையில் மூன்று வாரம் போட்டு ஒரு வாரம் விட வேண்டும். அந்த இடைவெளி முடிந்து எட்டாம் நாள் அடுத்த அட்டையைத் தொடங்க மறப்பதுதான் மாத்திரை தோற்பதற்கான மிக மோசமான வழி. தொடர்ந்து ஏழு மாத்திரை போனால் சினைப்பை உறங்கும். அடுத்து ஏழு நாள் மருந்து இல்லாமல் இருந்தாலும் விழித்துக்கொள்ளாது. அந்த ஏழு, எட்டு ஒன்பது என்று நீளும்போது உள்ளே ஒரு முட்டை வளர்ந்து வெளிவர வாய்ப்பு திறக்கிறது. 28 அட்டையில் கடைசி ஏழு மாத்திரை மருந்தில்லாத வெற்று மாத்திரை, சிலவற்றில் இரும்புச்சத்து மாத்திரை. நாள் எண்ணும் வேலையை அட்டையே பார்த்துக்கொள்கிறது. மறதி உள்ளவர்கள் 28-ஐயே வாங்குங்கள். ஒன்று மட்டும் கவனம்: வெற்று மாத்திரையின் நிறம் எது என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். அதை மறந்தால் ஒன்றும் ஆகாது, மருந்து மாத்திரையை மறந்தால்தான் கணக்கு.

அந்த வெற்று வாரத்தில் வரும் ரத்தம் மாதவிடாய் இல்லை. ஹார்மோன் நின்றதால், கடைசி மருந்து மாத்திரைக்கு இரண்டு மூன்று நாளில் வரும் விலகல் ரத்தப்போக்கு. சுவர் மெலிந்திருப்பதால் அளவு குறைவாக, நாள் குறைவாக, நிறம் கருமையாக வரும். சில மாதம் வராமலும் போகும். மாதாமாதம் வந்தால்தான் ‘கெட்ட ரத்தம்’ வெளியேறும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. மாத்திரை போடுகிறவர் உள்ளே வெளியேற்றுவதற்கென்று எதுவும் சேர்ந்து கிடப்பதில்லை.

20 மைக்ரோகிராம் அட்டை

குமட்டல், மார்பு வலி தாங்காதவர்களுக்கு இது இதமாக இருக்கலாம். ஆனால் நடுவில் கறை படுவது 30-ஐவிட இதில் அதிகம். இதைச் சொல்லாமல் கொடுத்தால், இரண்டாவது மாதமே பயந்து நிறுத்திவிடுவார்கள். கருத்தடைத் திறனில் இது இளைத்தது இல்லை. கறையைப் பார்த்துக் ‘குறைந்த அளவு, அதனால்தான் பிடிக்கவில்லை’ என்று இரண்டு மாத்திரையாகப் போடுவது மட்டும் வேண்டாம். அட்டையில் ஒன்று குறைந்து கணக்கு குழம்பும், குமட்டல்தான் மிஞ்சும்.

இதே 20 மைக்ரோகிராம், 24 மருந்து மாத்திரை 4 வெற்று மாத்திரை என்ற அமைப்பிலும் உண்டு, ட்ரோஸ்பிரினோன் 3 மி.கி. சேர்ந்தது பலருக்குத் தெரிந்த வகை. இடைவெளி நான்கே நாள் என்பதால் சினைப்பை விழிக்க நேரம் குறைவு. அமைப்பு என்ற அளவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். விலகல் ரத்தம் இதில் குறைவாக, சில சமயம் பெயருக்கு ஒரு துளியாக வரும். வராத மாதங்களும் உண்டு. ரத்தத்தை வைத்து நிம்மதி தேடுகிறவருக்கு இந்த அட்டை மனதளவில் ஒத்துவராது.

வாரத்துக்கு வாரம் அளவு மாறும் பல நிற அட்டைகளுக்குத் தனியாகப் பாராட்ட ஒன்றுமில்லை. கசிவு இதில் குறைவு என்று நம்பி வாங்க வேண்டாம். வரிசை மாறிப் போட்டால் குழப்பம்தான் கூடும்.

இடைவெளி இல்லாமல் தொடரும் முறை

84 நாள் தொடர்ந்து போட்டு ஏழு நாள் விடும் அட்டைகள் உண்டு. சாதாரண அட்டைகளையே வெற்று மாத்திரையைத் தவிர்த்து அடுத்தடுத்துப் போடச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. விலகல் ரத்தம் வருவது வெகுவாகக் குறையும். ஆனால் முதல் சில மாதம் எதிர்பாராத கசிவு, மாத அட்டையைவிட அதிகமாகவே இருக்கும். தெரிந்தே இறங்குகிறவருக்கு இது நல்ல முறை.

கசிவு நாள்கணக்கில் நீண்டால் இதற்கென்று ஒரு வழி இருக்கிறது. குறைந்தது 21 மருந்து மாத்திரை தொடர்ந்து போட்ட பிறகு, மூன்று நான்கு நாள் நிறுத்தி, ரத்தம் ஒருமுறை வந்துபோக விட்டு, மறுபடி தொடங்குவது. மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் இப்படிச் செய்யக் கூடாது. செய்தால் இடைவெளிகள் கூடி மாத்திரையின் பலமே போய்விடும். நான்கு நாளுக்கு மேல் நீட்டவும் கூடாது.

புரோஜெஸ்டின் மட்டும் உள்ள அட்டை

தாய்ப்பால் கொடுப்பவர், ஒளிக்கீற்றுகள் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர், ரத்த அழுத்தம் உள்ளவர் என்று ஈஸ்ட்ரோஜன் ஆகாத பலருக்கு இதுதான் வழி. பாதுகாப்பில் நல்ல மதிப்பெண். கசிவு என்று வந்தால் எல்லா அட்டைகளிலும் கணிக்க முடியாதது இதுவே. சுவரைப் பிடித்துவைக்கும் ஈஸ்ட்ரோஜன் மருந்தில் இல்லை. அதனால் ஒருவருக்கு மாதக்கணக்கில் ரத்தமே வராது, இன்னொருவருக்கு வாரத்துக்கு இரண்டு நாள் கறை படும். டெசோஜெஸ்ட்ரெல் 75 மைக்ரோகிராம் போடுகிறவர்களில், ஓராண்டு ஆகும்போது சுமார் பாதிப் பேருக்கு ரத்தம் அரிதாகவே வரும் அல்லது வரவே வராது. அடிக்கடி வந்துகொண்டே இருப்பது பத்தில் ஒருவருக்கு.

பல அட்டைகளில் 28-உம் மருந்து மாத்திரையே, வெற்று வாரம் கிடையாது. இது தெரியாமல் கடைசி வரிசையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது பெரிய தவறு. நேர விஷயத்திலும் கண்டிப்பு அதிகம். நோரெத்திஸ்டிரோன், லெவோநார்ஜெஸ்ட்ரெல் உள்ள பழைய வகையில் வழக்கமான நேரத்திலிருந்து 3 மணி நேரம் தாண்டினாலே தவறியதாகக் கணக்கு. டெசோஜெஸ்ட்ரெல் 12 மணி நேரம் பொறுக்கும். ட்ரோஸ்பிரினோன் 4 மி.கி. மட்டும் உள்ளது 24 மணி நேரம் பொறுக்கும், அதில் 24 மருந்தும் 4 வெற்றும். தவறினால் எத்தனை நாள் ஆணுறை சேர்க்க வேண்டும் என்பதும் மருந்துக்கு மருந்து மாறும்: பழைய வகைக்கு இரண்டு நாள் போதும், ட்ரோஸ்பிரினோனுக்கு ஏழு நாள். டெசோஜெஸ்ட்ரெல் தாள் ஏழு நாள் என்று சொன்னால் ஏழையே வைத்துக்கொள்ளுங்கள்.

மறந்தால் கறை, கறைக்குப் பின்னால் பயம்

மாத்திரை பழகிப்போய் பல மாதம் கறையே இல்லாதிருந்து, திடீரென்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கடந்த ஐந்தாறு நாள். ஒரு மாத்திரை தவறினாலே ஹார்மோன் அளவு இறங்கி, இரண்டு மூன்று நாளில் கசியலாம். கறைக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்பது ஒன்று, கர்ப்ப வாய்ப்பு உண்டா என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கூட்டு மாத்திரைக்குக் கணக்கு இப்படி.

வழக்கமாகத் திங்கள் இரவு 9 மணி என்று வையுங்கள். செவ்வாய் காலை நினைவு வந்தால் அப்போதே ஒன்று, இரவு வழக்கம்போல் ஒன்று. செவ்வாய் இரவுதான் நினைவு வந்தால் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடலாம், கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான். இதுவரை பாதுகாப்பு போகவில்லை, ஆணுறையும் தேவையில்லை.

புதன் இரவு 9 மணி வந்துவிட்டால் 48 மணி நேரம் ஆகிவிட்டது, திங்களும் செவ்வாயும் தவறியவை. கடைசியாகத் தவறிய செவ்வாய் மாத்திரையைப் போடுங்கள், புதன் மாத்திரையையும் போடுங்கள், திங்கள் மாத்திரையை எறிந்துவிடுங்கள். அடுத்துத் தொடர்ச்சியாக ஏழு மாத்திரை போகும்வரை ஆணுறை வேண்டும் அல்லது உறவைத் தவிர்க்க வேண்டும். அட்டையின் எந்த வாரத்தில் இது நடந்தது என்பதும் முக்கியம். மூன்றாவது வாரம் என்றால் வெற்று மாத்திரைகளை விட்டுவிட்டு, மருந்து மாத்திரை முடிந்த மறுநாளே புது அட்டையைத் தொடங்குங்கள். முதல் வாரம்தான் கவலைக்குரியது: வெற்று வாரத்தோடு தவறிய நாட்களும் சேர்ந்து இடைவெளி நீண்டுவிடுகிறது. முந்தைய ஐந்து நாளில் பாதுகாப்பில்லாமல் உறவு நடந்திருந்தால் அவசரக் கருத்தடை பற்றி அன்றே மருத்துவரிடம் கேளுங்கள், நாளைக்குத் தள்ள வேண்டாம். லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மி.கி. 72 மணி நேரத்துக்குள், யூலிப்ரிஸ்டல் 30 மி.கி. 120 மணி நேரத்துக்குள். காப்பர் டி ஐந்து நாளுக்குள் பொருத்தினால் மற்ற இரண்டையும்விட உறுதி.

லெவோநார்ஜெஸ்ட்ரெல் போட்டால் வழக்கமான மாத்திரையை உடனே தொடரலாம், ஏழு நாள் ஆணுறையோடு. யூலிப்ரிஸ்டல் போட்டால் ஐந்து நாள் கழித்தே வழக்கமான மாத்திரை. உடனே தொடர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துவிடும். அவசர மாத்திரைக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் வரும் கறையை ‘பீரியட்ஸ் வந்துவிட்டது, தப்பித்தோம்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மருந்து கிளப்பிய ரத்தம்.

தாளில் போட்டிருக்கும் தோல்வி விகிதம் ஏன் நடைமுறையோடு பொருந்தவில்லை என்பதற்கும் இந்த மறதிதான் விடை. ஒன்றுகூடத் தவறாமல் போட்டால் ஓராண்டில் 1000 பெண்களில் 3 பேருக்குத்தான் கரு தங்கும். மனிதர்கள் உண்மையில் போடுகிற விதத்தில் 100-க்கு 7. மருந்து ஒன்றே, நடுவில் விழுந்த ஓட்டைகள் மட்டும் வேறு. பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் அட்டையை வைப்பது, கைபேசியில் அலாரம் வைப்பது போன்றவை சின்ன வேலையாகத் தெரியலாம். எந்த நிறுவனத்தின் அட்டை என்பதைவிட அதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. கிழமை அச்சிட்ட அட்டை கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள். ‘இன்று போட்டேனா?’ என்ற கேள்விக்கு அது ஒரே பார்வையில் பதில் சொல்லும்.

மாத்திரை தவறவே இல்லை, ஆனாலும் கறை

வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் யோசித்துப் பாருங்கள். மாத்திரை போட்டு 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அது உள்ளே போகவில்லை என்று வைத்து இன்னொன்று போட வேண்டும். கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ 48 மணி நேரம் தாண்டினால், இரண்டு மாத்திரை தவறியவருக்கான விதிதான் உங்களுக்கும்.

அடுத்து வேறு மருந்துகள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டால், எச்ஐவி மருந்துகள் சில, மனச்சோர்வுக்கென்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை. இவை கல்லீரலை முடுக்கிவிட்டு மாத்திரையின் ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். இங்கே கறை ஒரு நிஜமான எச்சரிக்கை, பாதுகாப்பே குறைந்திருக்கிறது. அந்த மருந்தை நிறுத்திய பிறகும் நான்கு வாரம்வரை இந்த விளைவு நீடிக்கும். இவற்றில் ஒன்றை நீண்டகாலம் போடுகிறவருக்கு இந்த மாத்திரையையே நான் பரிந்துரைக்க மாட்டேன், காப்பர் டி போன்றது நல்லது. வலிப்புக்கு லாமோட்ரிஜின் போடுகிறவருக்குச் சிக்கல் தலைகீழ்: கூட்டு மாத்திரை அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், வலிப்பு திரும்ப வரலாம். அமாக்சிசிலின் போன்ற சாதாரண ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது. அந்தப் பயம் வெகுகாலமாகச் சொல்லிச் சொல்லி வந்த ஒன்று.

புகைப்பவர்களுக்குக் கசிவு அதிகம். கர்ப்பப்பை வாயில் கிளமிடியா போன்ற தொற்று இருந்தாலும் கறை படும். பல மாதம் அமைதியாக இருந்து புதிதாகத் தொடங்கிய கறை, உறவுக்குப் பிறகு மட்டும் வரும் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் ஆகியவற்றுக்கு மாத்திரை மேல் பழி போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், பரிசோதனை செய்ய வேண்டும்.

கர்ப்பப் பரிசோதனை கிட்: மாத்திரை போடுகிறவருக்கு எப்படி

கிட் நல்ல பொருள்தான், ஆனால் அதன் தாள் மாத்திரை போடுகிறவரை நினைத்து எழுதியதில்லை. ‘நாள் தள்ளிப்போன முதல் நாளிலிருந்து சோதிக்கலாம்’ என்று இருக்கும். மாத்திரை போடுகிறவருக்குத் தள்ளிப்போக உண்மையான நாள் என்று ஒன்று கிடையாது. உங்களுக்கான கணக்கு: மாத்திரை தவறிய நாட்களில் கடைசியாகப் பாதுகாப்பின்றி நடந்த உறவிலிருந்து 21 நாள். அதற்கு முன்பு ‘இல்லை’ என்று வந்தால் நம்ப முடியாது, 21-இல் வந்தால் நம்பலாம். கிட் தேடும் எச்சிஜி ஹார்மோன், கரு கர்ப்பப்பையில் பதிந்த பிறகே சிறுநீரில் சேரும் என்பதுதான் காரணம். கருத்தடை மாத்திரை இந்தச் சோதனையைக் குழப்பாது, அதில் எச்சிஜி கிடையாது.

காலையின் முதல் சிறுநீரைச் சுத்தமான, உலர்ந்த பாத்திரத்தில் எடுங்கள். முந்தைய இரவு லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் நீர்த்துப்போகும். கிட்டின் தாள் சொல்லும் எண்ணிக்கையில், பெரும்பாலும் இரண்டு மூன்று சொட்டு, குழியில் விடுங்கள். தாளில் உள்ள நேரத்தில் பாருங்கள், பெரும்பாலும் ஐந்து நிமிடம். சி பக்கம் கோடு வராவிட்டால் கிட் பழுது, முடிவே இல்லை. டி பக்கம் எவ்வளவு மங்கலாக வந்தாலும், நேரத்துக்குள் நிறத்தோடு வந்தால் அது ‘ஆம்’. பத்து நிமிடம் தாண்டித் தெரியும் சாம்பல் கோடு சிறுநீர் உலர்ந்த தடம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று நாள் விட்டுப் புது கிட்டில் பாருங்கள், அந்த ஹார்மோன் ஆரம்பத்தில் ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

குமட்டல், மார்பு கனத்தல், சோர்வு ஆகியவற்றை வைத்து ஊகிக்காதீர்கள். புதிதாகத் தொடங்கிய மாத்திரையும் இதையெல்லாம் செய்யும். கரு பதியும்போது படும் லேசான கறையும் மாத்திரைக் கறையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போட்டு ஒரு மாதம் விலகல் ரத்தம் வரவில்லை என்றால் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்த அட்டையை உரிய நாளில் தொடங்குங்கள், ரத்தத்துக்காகக் காத்திருந்தால் இடைவெளி நீளும். மாத்திரை தவறியிருந்து ரத்தமும் வரவில்லை என்றாலும், தொடர்ந்து இரண்டு மாதம் வரவில்லை என்றாலும் சோதித்துப் பாருங்கள். 21 நாள் ஆகும்வரையிலும் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. தெரியாமல் ஆரம்பக் கர்ப்பத்தில் மாத்திரை போட்டதால் குழந்தைக்குப் பிறவிக் குறை வருவதாக ஆதாரம் இல்லை. இதை நினைத்து இரவெல்லாம் அழுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

‘ஆம்’ என்று வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். விலகல் ரத்தத்தை வைத்து வாரக் கணக்குப் போட முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். கரு குழாயில் தங்கியிருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையில் கரு தங்குவது அரிது, தங்கினால் அது குழாயில் இருக்கும் விகிதம் கூடுதல். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள் முனையில் வலி, தலைசுற்றி மயக்கம் ஆகியவற்றோடு கறை பட்டால் கிட்டைத் தேட வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். மணிக்கு ஒரு பேடு நனைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தாலும் அப்படியே. ரத்தக் கசிவோடு சம்பந்தமில்லாத சில அறிகுறிகளும் அதே அவசரம்தான்: நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கத்தோடு வலி, இதுவரை வராத கடும் தலைவலி, திடீரென்று பார்வை மங்குதல்.

எப்போது அட்டையை மாற்றுவது

மூன்று அட்டை முடிவதற்கு முன் மாற்றினால், எந்த மாத்திரைக்கும் பழக உடலுக்கு அவகாசமே கிடைக்காது. மாதம் ஒரு பிராண்ட் என்று தாவுகிறவருக்குக் கறை நிற்பதே இல்லை. மூன்று மாதமாக நாள் தவறாமல் போட்டும் கசிவு குறையவில்லை என்றால், எந்தெந்த நாள், எத்தனை பேடு, எந்த மாத்திரை தாமதம் என்று அட்டையின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொண்டு போங்கள். தொற்று, கர்ப்பம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு, 20-இலிருந்து 30 அல்லது 35 மைக்ரோகிராமுக்கு ஏற்றுவார்கள், அல்லது புரோஜெஸ்டினை மாற்றுவார்கள். நீங்களாக மருந்துக்கடையில் ‘வேறு ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்டால், பெயர் மட்டும் மாறி அதே சேர்மானம் கைக்கு வரக்கூடும். அட்டையின் பின்னால் மைக்ரோகிராம் கணக்கைப் படித்துப் பாருங்கள்.

ஒரு கூட்டு மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, பழைய அட்டையின் கடைசி மருந்து மாத்திரைக்கு மறுநாளே புதியதைத் தொடங்கலாம், வெற்று வாரம் விட வேண்டியதில்லை. நாள் விடாமல் மாறினால் பாதுகாப்பும் விடுபடாது. புதிய அட்டையின் முதல் மாதம் மறுபடி கொஞ்சம் கறை பட்டால், மேலே சொன்ன மூன்று அட்டைக் கணக்கை அதற்கும் கொடுங்கள்.